அம்மா என் மேல் வந்த மத்தியானம்

பெண்டாட்டியைக் கடல் தாண்ட விடுவதில்லை. மெட்ராசிலிருந்து திரும்பிய ரயிலில், மணப்பாறை வருவதற்குள் இந்த முடிவுக்கு வந்துவிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

என் பெண்டாட்டி சண்முகவள்ளி எனக்குத் தாய்மாமன் மகள். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்து முடித்தவள். நான் பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டு வெளியே வந்தவன். அவள் என்னைவிடச் சில மாசம் மூத்தவள். அதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்தச் சிஸ்டர்கள் அவளுக்கு ஜெர்மனியில் நர்சு படிக்க இடம் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று வருஷப் படிப்பு. அவளுக்கு விசா கிடைத்தது. புருஷன் என்கிற முறையில் நானும் கேட்டேன். அங்கே போய் என்ன செய்வாய் என்று மெட்ராஸ் விசா ஆபீசில் கேட்டார்கள். சும்மா இருப்பேன் என்றேன். எத்தனை நாளைக்கு என்றார்கள். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் என்றேன். இதைவிட உண்மையாக எவன் பதில் சொல்லுவான்? எனக்கு விசா இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் என்னைப் பெற்ற அய்யா தாடையைச் சொறிந்தார். புருஷன் கூடப் போகாமல் பொம்பளைப் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று இழுத்தார். முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் சரி என்றால் அவள் போவாள், வேண்டாம் என்றால் வெங்காயம் நடுவாள். நான் பெருந்தன்மையாக, "நீ போனா எனக்குச் சந்தோசந்தான் வள்ளி" என்றேன்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். "அப்படியா மச்சான்" என்றாள்.

அய்யா யார் பேச்சையும் கேட்கமாட்டார், எங்கள் அம்மா பேச்சைத் தவிர. அம்மா போன ஆடியில் செத்துப்போய்விட்டது. அதனால் என்ன? எங்கள் பக்கம் செத்தவர்கள் பேசாமல் இருந்ததில்லை. யார் மேலாவது வந்து இறங்குவார்கள். கோடாங்கி உடுக்கை அடித்து என்ன வேணும் என்று கேட்பார். கேட்டதைக் கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் உச்சி வேளை. தோட்டத்தில் காற்றே இல்லை. வடக்கு எல்லையில் அந்தப் புளியமரம் நின்றது. அதன் உடம்பெல்லாம் ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் யாரோ ஒருவருடைய முடிக்கற்றை. பேய் ஓட்டி அறைந்தவை. காற்றில்லாத நேரத்திலும் அதில் ஒன்று மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதே வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. மரத்தடியில் விழுந்து கண்ணைச் சொருகிக்கொண்டேன்.

தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார வைத்தார்கள். கோடாங்கி சடையாண்டி வந்தார். வேப்பிலைப் புகை போட்டார். உடுக்கைச் சத்தம் காதுக்குள் போகவில்லை, வயிற்றுக்குள் போனது. யாரு நீ என்றார்.

"சிவனம்மா" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன். நான் குரலை மாற்றவே இல்லை. அது அம்மா குரலாக வந்தது. கடைசி மாசத்தில் இருமலுக்கு நடுவே பேசுமே, அதே குரல். தெருவில் குரைத்த நாய் வாயை மூடிக்கொண்டது.

அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சாப்பிட்டியா சிவனம்மா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் பேய் அழுவதாகப் போய்விட்டது.

உடுக்கை தொடங்கியதிலிருந்து எதிரே நின்றிருந்த வள்ளி அப்போது கிட்ட வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலிலிருந்தே கீழே, என் கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பேய்க்குக் கால் தரையில் பாவாதே, அதைத்தான் சோதிக்கிறாள் என்று நினைத்து இரண்டு குதிகாலையும் லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அத்தை, சாகுற அன்னைக்கு என் காதுல ஒண்ணு சொன்னீங்களே, என்னது அது?"

இது என் திட்டத்தில் இல்லை. அம்மா அவளிடம் என்ன சொன்னது என்று எனக்கு எப்படித் தெரியும்? முனகினேன். தலையைச் சுற்றினேன். உடுக்கை வேகமெடுத்தது. இறங்கியது தெளிவாகப் பேசாவிட்டால் வீட்டுப் பொம்பளை ஒருத்தி காது வைத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். அவள் என் வாயில் காதை வைத்தாள்.

"அவ போகக் கூடாது" என்று கிசுகிசுத்தேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

வள்ளி நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "மருமக போகட்டும், நான் பின்னாடியே போய்க் காவல் இருக்கேன்ங்கிறாங்க. ஆனா எம்மகன் அடுத்த ஆடி வரைக்கும் புளியமரத்தைத் தாண்டக் கூடாதாம்" என்றாள்.

நான் இல்லை இல்லை என்று கத்தினேன். பேய் முரண்டு பிடிக்கிறது என்று சடையாண்டி வேப்பங்குழையால் விளாசினார். உச்சந்தலையில் ஒரு கொத்து முடியைப் பிடுங்கினார். அதைப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைந்தபோது, அய்யா மரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "நீ சொன்னாச் சரி" என்றார்.

அவள் கிளம்பிய நாளும் உச்சி வேளைதான். வில்வண்டியில் அய்யாவும் என் மாமாவும் கொஞ்சம் முன்னால் போய் நின்றார்கள். அவள் மட்டும் மரத்தடியில் நின்றாள். இதற்கு மேல் நான் போக முடியாது. என் முடி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. காற்றில்லை.

"அம்மா உங்கிட்ட என்னதான் புள்ள சொல்லுச்சு?"

"இவன் பொய் சொன்னா வலது கால் பெருவிரல் ஆடும், பாத்து நடந்துக்கன்னாங்க."

"அப்ப அன்னைக்கு நீ..."

"விரல் ஆடுச்சு. ஆனா யாருன்னு கேட்டப்ப ஆடல மச்சான். அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

வண்டியிலிருந்து அய்யா கூப்பிட்டார். ஆம்பளையாக எதையாவது சொல்ல வேண்டுமே. "சரி, போயிட்டு வா. மூணு வருசந்தானே. எனக்கு ஒண்ணுமில்ல, நான் பாட்டுக்கு நிம்மதியா இருப்பேன்" என்றேன்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். விரலைப் புழுதிக்குள் புதைத்தேன்.

புழுதி ஆடியது.