துண்டு போட்ட நாற்காலி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வீடு, நீங்கள் எல்லாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே எனக்குப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

இளவட்டங்களை வேலைக்கு வைத்தால் பாதிச் சம்பளம் அரசாங்கமே தரும், எங்கள் இலாகா திட்டம் என்று நீதானே பெருமையாகச் சொன்னாய், அதை நம்பி, படித்துவிட்டுச் சும்மா இருந்த என் பேரனை அவன் அப்பன் வேலை செய்கிற அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கே அனுப்பினேன், போன அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள், நானும் தெரு முழுக்கச் சொல்லியாச்சு. சாயங்காலம் வந்தவன், "நல்ல எடம் பாட்டி, ஃபேனுக்கு அடியிலயே. நாற்காலியில யாரோ துண்டுகூட மடிச்சுப் போட்டிருந்தாங்க" என்றான். என்ன துண்டுடா என்றேன், பச்சைக் கரை என்றான். அந்தக் கரையை என் மகனுக்குத் தைத்துக் கொடுத்தவளே நான்தானே! மகனை மத்தியானமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம், வீட்டுக்கு வர மனசில்லாமல் சுற்றிவிட்டு இருட்டின பிறகு வந்து நிற்கிறான். "எனக்கு முழுச் சம்பளம் குடுக்கக் கட்டுப்படியாகலையாம்மா" என்கிறான். பேரன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அதோடு விட்டதா? வேலை போனவர்களுக்கென்று உங்கள் ஆட்களே நடத்துகிற பயிற்சிக்கு மகனைக் கூப்பிட்டு, நேர்காணலில் உன் பலவீனம் என்னவென்று கேட்டால் என்ன சொல்வாய் என்றார்களாம். "என் பையன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இப்போது அப்பனும் பிள்ளையும் ஒருத்தர் இருக்கிற அறைக்கு இன்னொருத்தர் வருவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் கணக்கில் முதல். ஒருத்தன் உள்ளே போய் ஒருத்தன் வெளியே வந்தால் மிச்சம் சைபர். உங்கள் இலாகாவில் அதை ஒன்று என்று எழுதிக்கொள்கிறீர்களாமே, எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு அது? நாளைக்கே மேலதிகாரியிடம் சொல்லி இந்தத் திட்டத்தை நிறுத்து, இல்லாவிட்டால் அக்கா என்று கூப்பிடாதே.

உன் பிள்ளைகள் யாரையும் எழுப்பிவிடாமல் தனி நாற்காலியில் உட்கார என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கம்பெனி மேனேஜரே வீட்டுக்கு வந்துவிட்டார். அறுபது தாண்டிய பெண்களை வைத்தால் முக்கால் சம்பளம் அரசாங்கம் தருகிறதாமே, இதை ஏன் நீ எனக்குச் சொல்லவில்லை? திங்கட்கிழமை பேரனின் நாற்காலிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார். ஆகவே திட்டத்தை நிறுத்த வேண்டாம். பேரனைப் பயிற்சிக்கு அனுப்பிக்கொள்ளலாம், அங்கே அவன் அப்பன் இருக்கிறான், இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும். துண்டை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.