தங்கையின் நிச்சயதார்த்தத்தில் நான் சுகர் பார்த்த கதை

நர்ஸ் வேலைக்கு வந்துவிட்டவர்களால் அதற்குப் பிறகு ஒரு மனிதரை முழுசாகப் பார்க்க முடியாது. பேருந்தில் முன் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் பிடரி தெரியும். பிடரியில் வெல்வெட் துணி ஒட்டியதைப் போல கறுப்புப் படிந்திருந்தால், சுகராக இருக்குமோ என்று மனசுக்குள் ஒரு மணி அடிக்கும். கண்டக்டர் மீதிச் சில்லறை தரும்போது நான் சில்லறையைப் பார்க்க மாட்டேன், அவர் நகம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பூக்காரம்மாவின் கணுக்கால் வீக்கம், பள்ளிக்கூடத்து டீச்சரின் கழுத்துப் புடைப்பு, டிரைவரின் இருமல் என்று தஞ்சாவூரில் ஏறி ஒரத்தநாட்டில் இறங்குவதற்குள் ஒரு வார்டையே சுற்றிவிட்டு வந்திருப்பேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். பார்ப்பது குறையவில்லை. பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விடக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. என் தங்கை பிலோமினாவின் நிச்சயதார்த்தம்.

அப்போதுதான் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை முடித்துவிட்டு எங்கள் பக்கத்துக் கிராமத்து சுகாதார நிலையத்தில் சேர்ந்திருந்தேன். டாக்டர் அங்கே எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் சளி, காய்ச்சல், பிரஷர், சுகர், நடவு நட்ட பெண்களின் சேற்றுப்புண் எல்லாவற்றையும் நாங்களே பார்த்து, எங்கள் கையை மீறியதை மேலே அனுப்ப வேண்டும். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சுகர் பார்க்கும் மிஷின் இருக்கும். கையளவு சாதனம், ஒரு சொட்டு ரத்தத்தைக் குடித்துவிட்டு, ஒரு உடம்பின் ரகசியத்தை நம்பராகச் சொல்லிவிடுகிறது. எனக்கு அது ஜோசியக் கிளியைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஐப்பசி மாதம். வாய்க்கால் கரை தெரியாமல் தண்ணீர். மாப்பிள்ளை வீட்டார் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து மழையோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை அமல், பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்பவர். அவருடைய அப்பா சவரிமுத்து, அம்மா, பிறகு சித்தப்பா சூசைராஜ். வாசலில் என் அத்தை மகள்கள் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கல்கண்டுத் தட்டை நீட்டினார்கள். மழைக்காலத்து ஈரத்தில் கல்கண்டு கசிந்து, பாதி கல்லும் பாதி பாகுமாகக் கிடந்தது. தட்டில் ஒரு கரண்டி இருந்தது. ஒருத்தரும் அதைச் சீண்டவில்லை. விரலால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

எல்லாம் தயார். பங்குச் சாமியாரைத்தான் காணோம். மதகு உடைந்து ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, சுற்றிக்கொண்டு வருகிறார் என்று போன் வந்தது.

இரண்டு குடும்பங்களும் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மழையைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று. சம்பா நடவைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று. மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினோம். என் கண் சும்மா இருக்குமா? வாசல் மழையைப் பார்க்கத் திரும்பிய சூசைராஜின் பிடரியில் போய் உட்கார்ந்தது.

கறுப்பு. நான் சொன்ன அதே வெல்வெட்.

மனிதர் தண்ணீர் கேட்டார். குடித்தார். மறுபடியும் கேட்டார். எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வந்தார். திரும்பவும் தண்ணீர். செருப்பைக் கழற்றி வைத்திருந்த வலது காலின் பெருவிரலில் ஒரு துணிச்சுற்று. பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது!

"சின்ன மாமா, சாமியார் வர்றதுக்குள்ள சும்மா சுகர் பாத்துடலாமா?" என்றேன், காபி வேண்டுமா என்று கேட்பதைப் போல.

"எனக்கு என்னம்மா? நான் கல்லு மாதிரி இருக்கேன். முதல்ல அண்ணனுக்குப் பாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு முழு வாக்கியம் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

சவரிமுத்து மாமா முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "இடது கையைக் கொடுங்க மாமா." வேலை செய்கிற கை வலிக்கக் கூடாதே என்று நான் எப்போதும் இடது கைதான் கேட்பேன்.

"நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையையா நீட்டச் சொல்ற?" என்று சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார். சம்பந்தி வீட்டில், சுப காரியத்தில், முதன்முதலாக ஒருவரிடம் கை நீட்டுகிறார். அவர் சொன்னதும் நியாயம்தானே? வலது கையையே வாங்கிக்கொண்டேன். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை. ஒரு குத்து. ஒரு சொட்டு.

412.

"மாமா, உங்களுக்கு சுகர் இருக்கு." என் குரலில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருந்தது ஒரு கொலம்பஸின் உற்சாகம்.

"எனக்கா? போன மாசம்கூட டவுன்ல பாத்தேனே, நல்லா இருக்குன்னாங்களே!"

"எங்க, எனக்குப் பாருங்க" என்று மாப்பிள்ளை அமல் முன்வந்தார், அப்பாவைத் தேற்றுவதற்காக. அவரும் வலது கைதான் நீட்டினார்.

436.

எங்கள் பெரியப்பா என் அப்பாவின் காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "முப்பது வயசு ஆகல, நானூத்தி முப்பத்தாறா? யோசிச்சுக்க தம்பி. நம்ம புள்ள வாழ்க்கை."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எங்க வம்சத்துலயே இல்லாத வியாதி."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி மிஷினைப் பையில் போட்டிருப்பாள். நான் நிலைமையைச் சீராக்க நினைத்தேன். (என் வாழ்க்கையில் பெரிய சேதங்கள் எல்லாம் நான் சீராக்கப் போன நேரத்தில் நடந்தவை.) "சுகர் இப்ப எல்லாருக்கும் சகஜம் அத்தை. இங்க பாருங்க, எங்க வீட்டுலயும் இருக்கும்" என்று சொல்லி என் அப்பாவின் விரலைக் குத்தினேன். 104. அம்மா, 97. பெரியப்பா, தினமும் ஜிலேபி தின்கிற பெரியப்பா, 118.

சூசைராஜ் எழுந்து நின்றார்.

"அது எப்படிம்மா? எங்க பக்கம் குத்துனா நானூறு, உங்க பக்கம் குத்துனா நூறு? மிஷினுக்குக்கூட சொல்லிக் கொடுத்து வச்சிருக்கீங்களா? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லைன்னா வாயால சொல்லணும். விரலக் குத்தி ரத்தத்த எடுத்தா சொல்லுவாங்க?"

"ஐயோ சம்பந்தி, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று அப்பா எழுந்தார். பெரியப்பாவும் எழுந்தார், ஆனால் வேறு தொனியில். யாரோ வேன் டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்கள்.

உள் அறையிலிருந்து, தலை நிறையப் பூவோடு, யாரும் கூப்பிடாமலே பிலோமினா வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் செய்துவைத்த காரியம் எனக்கு உறைத்தது. அமலை அவளுக்குப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும். ஒரு மாதமாகப் போனில் பேசும்போதெல்லாம் கட்டை விரலால் தரையைத் தேய்த்துத் தேய்த்துத் தரை பளபளத்திருந்தது.

"அக்கா, அந்த மிஷினக் கொண்டுபோய் கிணத்துல போடு. நீயும் கூடவே குதி."

யாரும் சிரிக்கவில்லை. அமல் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் முன்னால் வந்து உட்கார்ந்து இடது கையை நீட்டினார்.

"இதுல ஒரு தடவ பாத்துடுங்க."

"அமலு! பீச்சாங்கையா? நல்ல காரியத்துலயா?" என்று அவர் அம்மா பதறினார்.

"காரியம் நடந்தாத்தானேம்மா நல்ல காரியம்."

குத்தினேன். 96.

ஒரே உடம்பு. ஒரே ரத்தம். வலது கையில் 436, இடது கையில் 96. அந்த நொடியில் எனக்குக் கூடம் மறந்தது, குடும்பம் மறந்தது, டிரைவர் வேனை உறும விடுவதுகூட மறந்தது. இது எப்படி நடக்கும்? ஒரு மனிதனின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவில் எந்த நாட்டின் எல்லைக்கோடு ஓடுகிறது? அமலின் வலது கை விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். பிசுக்கென்று ஒட்டியது. வாசலைப் பார்த்தேன். கல்கண்டுத் தட்டு. விருந்தாளிகள் எடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் நாங்கள் யாரும் எடுக்கவில்லை. நம் வீட்டு வாசலில் நமக்கு நாமே கல்கண்டு கொடுத்துக்கொள்வோமா?

ஓடிப்போய்த் தட்டுக்குள் விரலை விட்டேன். நன்றாகப் பிசைந்தேன். எல்லோரும் பார்க்க, ஸ்பிரிட் பஞ்சால் அதே மாதிரி ஒரு துடை. என் விரலை நானே குத்தினேன்.

371.

"எனக்கும் சுகர்!" என்று கத்தினேன், பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போல.

"மாதாவே!" என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மூத்தவளுக்கும் வந்துடுச்சா!"

"இல்லம்மா, இல்லம்மா! கல்கண்டும்மா! விரல்ல ஒட்டுன சர்க்கரை, பஞ்சுல போகல. ரத்தத்துல இல்ல, தோலுல!" கொல்லைக் குழாய்க்கு ஓடி சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இன்னொரு விரல். 95. கழுவச் சொல்லிவிட்டுத்தான் குத்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஸ்பிரிட் இருக்கும்போது சோப்பு எதற்கு என்று நான் நினைத்திருந்தேன். கிருமியைப் போக்குகிற பஞ்சு, பாகையும் போக்கிவிடும் என்று யார் சொன்னது?

சவரிமுத்து மாமா முதலில் சிரித்தார். பிறகு அவரே குழாய்க்குப் போனார். அவர் பின்னால் மொத்த மாப்பிள்ளை வீடும். பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக மழைச் சாரலில் வரிசையாக நின்று சோப்பை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கியது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. சவரிமுத்து மாமாவுக்கு 110. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு 101. ஒவ்வொரு நம்பருக்கும் கைதட்டல். பெரியப்பாதான் மிக உரக்கத் தட்டினார்.

கடைசியாகச் சூசைராஜ். "எனக்கும் பாத்துடும்மா, கணக்கு முடியட்டும்" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

318.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"சரியாக் கழுவல போல" என்றார். போய்க் கழுவினார். முழங்கை வரை கழுவினார். இந்த முறை இடது கை. 314.

நான் பேசினால் யார் நம்புவார்கள்? மாப்பிள்ளையையும் அவர் அப்பாவையும் நோயாளியாக்கி, பிறகு குழாய்த் தண்ணீரில் குணமாக்கியவள் நான். வாயை மூடிக்கொண்டால் நிச்சயதார்த்தம் சிரிப்போடு முடியும். பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கால்விரல் துணியில் லேசான ஈரம் இருந்தது. மழை ஈரம் இல்லை.

அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "சின்ன மாமா, அந்தக் கால் புண்ணு எப்ப வந்துச்சு?"

"அறுப்பு சமயத்துல. ஆறவே மாட்டேங்குது." அவர் குரலும் இறங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"அதுதான் ஆச்சரியம். வலிக்கவே இல்ல."

"இந்த மிஷின நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க. வெறும் வயித்தோட ஒரு நாள் வாங்க, முறையாப் பாத்துடலாம். அந்தப் புண்ண மட்டும் இப்பவே கட்டி விடுறேன்."

காலை நீட்டினார். நான் குனிந்து சுத்தம் செய்து கட்டி முடிக்கவும், சாமியார் முழங்கால் வரை சேறோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. ஜெபம் ஆயிற்று. மோதிரம் மாற்றினார்கள். பிலோமினா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. (அடுத்த வாரமும்.)

சூசைராஜ் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஒரு காலையில், பல் மட்டும் விளக்கிவிட்டு, முதல் பஸ்ஸில். வந்ததும் என்னிடம் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகக் கை கழுவப் போனார். வெறும் வயிற்றிலும் சுகர் மேலேதான் இருந்தது. ஆய்வகத்திலும் அதையே சொன்னார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆயின, விரல் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலோடு நின்றிருக்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அமலுக்கும் பிலோமினாவுக்கும் இப்போது இரண்டு பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் சின்ன மாமா எனக்கு முன்னால் போய்விடுகிறார். வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் சோப்பும் துண்டுமாக நின்றுகொண்டு, வருகிற ஒருத்தரையும் விடுவதில்லை. "கழுவிட்டு உள்ள போங்க, பிலோமினாவோட அக்கா வந்துருக்கு!" தெரியாதவர்கள் ஏன் என்று கேட்டால் போதும், செருப்பைக் கழற்றி அந்தக் கால்விரலைக் காட்டி, முதலிலிருந்து ஆரம்பித்து, என்னைப் போலவே கத்தி நடித்துக் காட்டிவிட்டு, இப்படித்தான் முடிப்பார்:

"அன்னிக்கு மோதிரம் எங்க அண்ணன் மகனுக்கு, மாத்திரை எனக்கு. இன்னிவரைக்கும் அவனும் கழட்டல, நானும் நிறுத்தல."