அண்டபுரியின் அடுக்கு இயந்திரம்

ஆற்றின் கீழ்க்கரையில் அண்டபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே நெல் விளையாது, பொன் கிடைக்காது; கோழிகள் மட்டும் சலிக்காமல் முட்டையிட்டன. அந்த முட்டைகளை விற்றுத்தான் பள்ளிக்கூடம் நடந்தது, சாலை போட்டார்கள், மன்னரின் பல்லக்குக்கு மெத்தை தைத்தார்கள். மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவரை மகாராஜா என்றுதான் அழைக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் செங்கோட மகாராஜா. அவர் ஒருமுறை மேலைக்கரை நாட்டுக்கு விருந்தாளியாகப் போனபோது, முட்டை அடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்தார். ஓடும் பட்டையில் முட்டைகள் உருண்டு வந்தன. ரப்பர் உறிஞ்சிகள் இறங்கி அவற்றைக் கவ்வித் தூக்கி, கூர்முனை கீழாக அட்டையில் வரிசையாக வைத்தன. மனிதக் கை படவே இல்லை. மகாராஜா விருந்தை மறந்து அங்கேயே நின்றார். அண்டபுரியில் இதே வேலையைப் பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அது அவருக்குத் திடீரென்று அவமானமாகப் பட்டது.

திரும்பி வந்ததும் நிதிநிலை அவையைக் கூட்டினார். நிதியமைச்சர் திருமலைநாதர் இயந்திரத்தின் விலையைச் சொன்னார். நாட்டிலுள்ள கோழிகள் அனைத்தும் ஓர் ஆண்டில் தின்னும் தீவனத்தின் விலை அது.

“அவ்வளவு செலவா?” என்றார் மகாராஜா.

“செலவு அன்று மகாராஜா, முதலீடு.”

தீவன அமைச்சர் ராக்கியண்ணன் எழுந்தார். கோழி வளர்த்த குடும்பத்திலிருந்து அவைக்கு வந்தவர், அதிகம் பேசாதவர். “அப்படீன்னா கோழிக்குத் தீவனம் எங்கிருந்துங்க வரும்?”

“கோழி தின்கிறதே, அதுதான் செலவு. தின்றது திரும்பி வருவதில்லை.”

“முட்டையா வருதுங்களே?”

“அது உற்பத்தித் துறையின் கணக்கில் வருகிறது. உங்கள் துறையின் கணக்கில் அல்ல.”

அவை சிரித்தது. ராக்கியண்ணனும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். தீவனத்தில் மக்காச்சோளத்தைக் குறைத்து உமியைக் கூட்டுவது, கிளிஞ்சல் தூளை அடியோடு நிறுத்துவது என்று முடிவாயிற்று. அதற்குக் கோழி உடல்நலத் திட்டம் என்று பெயர் சூட்டினார்கள். தீவன அமைச்சரின் கையெழுத்து வேண்டியிருந்தது. ஒரு வருஷந்தானே, இயந்திரம் வந்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே அவர் போட்டார்.

கிளிஞ்சல் தூள் இல்லாமல் முட்டையின் ஓடு மெலிந்தது. எடுக்கும்போது உடைந்தது, வைக்கும்போது உடைந்தது. திருமலைநாதர் அவையில் உடைந்த முட்டைகளைத் தட்டில் ஏந்திக் காட்டினார். “கையால் அடுக்குவதன் லட்சணம் இதுதான். இயந்திரத்தின் அவசியத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?” உடையும் முட்டைக்கு அடுக்குகிறவரின் கூலியில் பிடித்தம் என்று அன்றே ஆணை பிறந்தது.

கொட்டகை மேஸ்திரி பாவாத்தாள் ராக்கியண்ணனைத் தேடி வீட்டுக்கே வந்தாள்.

“ஏனுங்க மந்திரிங்களே, இத்தனை வருசமா அடுக்குன அதே கைதானுங்க. இப்பத் தொட்டாலே பொத்துக்குது.”

“தெரியுமுங்கம்மா.”

“தெரிஞ்சுமா கூலியப் புடிக்கறீங்க?”

“கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. மெசினு வந்துட்டா இந்தத் தொந்தரவே இருக்காது.”

“மெசினு வந்துட்டா நாங்க எங்கீங்க போறது?”

அவர் காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அந்தக் கேள்வி உறுத்தியதால் அவர் மறுநாள் அரண்மனைக்குப் போய், தீவனத்தைப் பழையபடி ஆக்கலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“ராக்கியண்ணன், நீங்கள் வளர்ச்சிக்கு எதிரானவரா?” என்றார் மகாராஜா.

“ஐயோ, இல்லீங்க மகாராஜா.”

“மகிழ்ச்சி. அதைத்தான் கேட்க விரும்பினோம்.”

பேட்டி அத்தோடு முடிந்தது.

பிறகு இயந்திரத்துக்கு மண்டபம் வேண்டும் என்றார்கள். கோழிக் கொட்டகைகளில் பாதியை இடித்து, தூண்களும் கல்வெட்டுமாக ஒரு மண்டபம் எழுப்பினார்கள். இடமில்லாத கோழிகளை இறைச்சிக்கு விற்று, அந்தப் பணத்தில் தரைக்குப் பளிங்கு பதித்தார்கள். மேலைக்கரையிலிருந்து ஓடத்தில் இயந்திரம் வந்தது. வெள்ளோட்டத்தின்போது உறிஞ்சிகள் இறங்கி முட்டைகளைக் கவ்விய கணமே ஓடுகள் பொத்துக்கொண்டன. முன்வரிசை அமைச்சர்களின் பட்டு அங்கவஸ்திரங்களில் மஞ்சள் கரு வழிந்தது.

இயந்திரத்தோடு வந்த மெக்கானிக் ஓடு ஒன்றை விரலால் நெரித்துப் பார்த்தான். “மெசின்ல கோளாறு இல்லீங்க. கோழிக்கு என்னங்க போடறீங்க?”

அவனை யாரும் அறிமுகப்படுத்தியிருக்கவில்லை. ஆகவே யாரும் பதில் சொல்லவில்லை. திருமலைநாதர் அங்கவஸ்திரத்தைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார்: “இயந்திரம் உலகத் தரம். நமது முட்டைதான் அதற்குத் தகுதியாக இல்லை.”

அதன்படி அண்டபுரிக் கோழிகள் தகுதியற்றவை என்று சட்டம் வந்தது. மிச்சமிருந்தவற்றையும் விற்றார்கள். கொட்டகைப் பெண்களுக்கு ஆளுக்கொரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலைக்கரையில் கடனுக்கு முட்டை வாங்கி, இயந்திரத்தில் அடுக்கி, மேலைக்கரைக்கே திருப்பி விற்பது என்று தீர்மானம். முட்டை கொள்முதல் பேச ராக்கியண்ணனையே அனுப்பினார்கள்; கோழியை அறிந்தவர் அவையில் வேறு யாரும் இல்லை.

மேலைக்கரைப் பண்ணையில் கொட்டகை கொட்டகையாகச் சுற்றிக் காட்டினார்கள். கடைசிக் கொட்டகையில் ஒரு பெண் கூடையிலிருந்து கிளிஞ்சல் தூளை அள்ளித் தீவனத் தொட்டியில் தூவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்ததும் ராக்கியண்ணன் நின்றுவிட்டார். பாவாத்தாள்.

“வாங்க மந்திரிங்களே,” என்று கூடையைக் கீழே வைத்தாள். “நாங்க பாதிப்பேருக்கு மேல இங்கதானுங்க இருக்கறோம். முட்டைக்கா வந்தீங்க?”

“ஆமாங்கம்மா.”

“தைரியமா எடுத்துட்டுப் போங்க. நானே பாத்துப் பாத்துத் தீனி வெக்கறனுங்க. ஓடு கல்லாட்டம் இருக்குது. நம்மூரு மெசினு உடைக்காது.”

அவள் குரலில் குத்தல் இல்லை. நம்மூரு என்று அவள் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“திரும்பி வந்துடறீங்களாம்மா?” என்றார்.

“வந்து?”

அவள் நிஜமாகவே பதிலை எதிர்பார்த்து நின்றாள். பிறகு கோழிகள் சத்தமிடவே, கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

ஓடத்தில் திரும்பும்போது ராக்கியண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். இனி எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை; அவையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது.

புதிய நிதிநிலை அறிக்கை வாசிக்கும் நாள் வந்தது. அவைக்கு மேலே மக்கள் உட்கார்ந்து பார்க்கும் மாடம் நிரம்பியிருந்தது. முதல் பக்கங்கள் மளமளவென்று நிறைவேறின; பேச வேண்டியதையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்த ராக்கியண்ணனும் பழக்கத்தில் மற்றவர்களோடு கை உயர்த்தினார். திருமலைநாதர் இரண்டாவது இயந்திரத்துக்கு நிதி ஒதுக்குவதாக அறிவித்து, “அவையின் ஒப்புதலைக் கோருகிறேன்,” என்றார்.

“எனக்குச் சம்மதமில்லீங்க!” என்று ராக்கியண்ணன் எழுந்தார். தன் குரல் இவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று அவருக்கே தெரியாது. “கோழியப் பட்டினி போட்டது நாமதானுங்க. அதுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். கோழியே இல்லாத ஊருக்கு இன்னொரு மெசினு எதுக்குங்க?”

திருமலைநாதர் கோபப்படவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, விரல் வைத்து நிதானமாகப் படித்தார். “நாட்டில் கோழிகள் இல்லாமையால் தீவன அமைச்சகம் கலைக்கப்படுகிறது. இந்தப் பக்கம் சற்று முன்புதான் நிறைவேறியது. தாங்களும் கை உயர்த்தினீர்கள்.” பிறகு காவலர்களைப் பார்த்தார். “பார்வையாளர் ஒருவர் தவறி அவைக்குள் வந்துவிட்டார். மரியாதையாக மாடத்தில் கொண்டுபோய் அமர்த்துங்கள்.”

காவலர்கள் அவரை மரியாதையாகவே மாடிப்படி ஏற்றினார்கள். மாடத்தில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். தோளில் துண்டு, தீவன மூட்டை சுமந்து தழும்பேறிய கழுத்து.

“உக்காருங்க. நீங்க சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சுங்க,” என்றார் அவர். “ஆனா இங்கிருந்து கையத் தட்டத்தானுங்க விடுவாங்க. வேற எதுக்கும் உரிமையில்ல.”

ராக்கியண்ணன் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பார்த்துவிட்டுத் தன் கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்திருந்த அம்மாள் அதைக் கவனித்தாள்.

கீழே அமைச்சர்கள் ஒருமனதாகக் கை உயர்த்தினார்கள். திருமலைநாதர் அறிக்கையை மூடி, மாடத்தை நோக்கிப் புன்னகைத்து, கரவொலிக்காகக் காத்திருந்தார்.

வெகுநேரம் காத்திருந்தார்.