நடுக்கடலில் இறங்கிவிட்ட மாமனார்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு, பனமலையிலிருந்து மாமனார் கண்ணையன் எழுதியது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் இரண்டு மாடுகளும் நலம். ஏரியிலும் இந்த வருஷம் தண்ணீருக்குக் குறைவில்லை. மெல்போர்னில் உங்கள் நலமும், ஏழு மாதக் கர்ப்பிணியான கலைப்பிரியாவின் நலமும் அறிய ஆவல். போனில் சொல்ல வேண்டிய விஷயந்தான். ஆனால் போனை உங்கள் மாமியார் பிடுங்கிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் நம் வழக்கம். இந்த நிலையில் அவள் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நாங்கள் இருவரும் அங்கு வர வேண்டும் என்கிறீர்கள். நியாயம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், அங்கே மாறி ஏறினால் மெல்போர்ன் ஏழரை மணி நேரம், "சும்மா உக்காந்துக்கினு வர்றதுதானே மாமா" என்றீர்கள். விழுப்புரத்தில் பஸ் ஏறினால் திண்டிவனம் வருவதற்குள் இரண்டு காலும் மரத்துப்போகிற ஆள் நான். எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சும்மா உட்கார முடியுமா என்பதை வீட்டிலேயே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேற்றுக் காலை பால் கறந்துவிட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, துண்டை பெல்ட்டாக இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். முன் சீட்டுக்கு ஆள் வேண்டும் என்று பங்காளி சக்கரபாணியை உட்கார வைத்தது என் புத்தி. விமானத்தில் முன்னால் இருப்பவர் சாய்வார் என்று யாரோ சொன்னதை நம்பி அவரும் சாய்ந்தார். நாற்காலியின் பின்கால் இரண்டும் மடங்கி, தொண்ணூறு கிலோ மனிதர் என் முழங்காலில் வந்து விழுந்தார். உங்கள் மாமியாரோ சின்னத் தட்டில் மூன்று ஸ்பூன் உப்புமா வைத்து நீட்டி, "அங்க இவ்ளோதாங்க குடுப்பாங்க, பழகிக்குங்க" என்றார். பசியோடு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, பக்கத்து நாற்காலிக்கு மாறி, மறுபடி துண்டைக் கட்டினேன். அந்த நேரம் பார்த்து மோர் வாங்க வந்தாள் எதிர்வீட்டுச் சவுரியம்மாள். சொந்த வீட்டில் கட்டுண்டு கிடக்கும் என்னையும், காவல் நிற்கும் உங்கள் மாமியாரையும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அண்ணனக் கட்டிப் போட்டுக்கினு நிக்கிற? எப்பத்துலேர்ந்து இப்படி இருக்காரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "ஒன்னும் இல்லம்மா, ஆஸ்திரேலியா போய்க்கினு இருக்கேன்" என்று நான் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. கூட்டம் சேர்ந்து, ஒருவர் திருநீறு பூசினார், ஒருவர் எலுமிச்சம்பழத்தை உச்சந்தலையில் தேய்த்தார், கூட்டேரிப்பட்டிலிருந்து என் மச்சான் போன் போட்டு அழுதார். ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மாடு அவிழ்த்துக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லைக்குப் போய் மல்லாட்டைச் செடியில் வாய் வைத்துவிட்டது. நடுக்கடல் என்றும் பார்க்காமல் இறங்கி ஓடினேன்.

ஆகவே மாப்பிள்ளை, இது என்னால் ஆகாது. உங்கள் மாமியாரை மட்டும் அனுப்பி வைக்கிறேன். அவர் பெட்டியே கட்டிவிட்டார். மாட்டையும் பயிரையும் பார்க்க ஆளில்லை என்று கலைப்பிரியாவிடம் சொல்லுங்கள். அப்பா பயந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உண்மையில் பயம்தான்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க மலைமேல் இருக்கும் தாளகிரீசுவரரை வேண்டிக்கொள்ளும்,
மாமனார் கண்ணையன்

பி.கு.: உறையை ஒட்டும்போது கலைப்பிரியா வீடியோவில் கூப்பிட்டாள். கால் வீங்கியிருக்கிறதாம். "நீங்க சிரமப்படாதீங்கப்பா, அம்மா மட்டும் வந்தா போதும்" என்றாள். போதுமாமே! பெற்ற அப்பனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? மேலே எழுதியதை மறந்துவிட்டு இரண்டு டிக்கெட் போடுங்கள். உட்கார முடியாவிட்டால் நின்றுகொண்டாவது வருகிறேன்.