பதினோரு பேர் சாப்பிடும் கடை

"ஹோட்டல் பஃபே வேணாமாம், பிரியாணி வேணாமாம். வெளிநாட்டுலேருந்து பொழைக்க வந்தவங்க நடத்துற கடையில சாப்பிடணும்னு கேக்கறாங்க" என்றார் மும்தாஜ் மேடம். "உனக்குத் தெரிஞ்ச கடை இருக்கா குகன்?"

"கிள்ளான்ல எனக்குத் தெரியாத கடையா மேடம்?"

சொல்லி முடித்த பிறகுதான், பதினான்கு வருடமாகக் கேன்டீனைத் தவிர வேறெங்கும் மதியம் சாப்பிட்டதில்லை என்பது குகனுக்கு உறைத்தது.

மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்துத் தெலுக் பங்லிமா காராங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், மும்தாஜ் மேடத்தின் கீழ் குகனுக்கு வேலை. கையுறை வாங்கும் ஜெர்மன் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டால் ஒரு ஷிஃப்டையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. வியாழக்கிழமை மதியச் சாப்பாடு குகன் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை தேடக் கிளம்பினான். யேமன் கடை என்று கைப்பேசி காட்டிய இடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நேப்பாளக் கடைக்குள் நுழைந்து "மோமோ இருக்கா?" என்று கேட்டான். "இது பல் கிளினிக் லா" என்றாள் ஒரு பெண்.

வெறுத்துப்போய்த் திரும்பும்போது மூக்கில் ஏறியது அந்த வாசனை. மீன், எலுமிச்சைப் புல், வறுத்த வெங்காயம். பழைய கடை வரிசையில் ஒரு குறுகிய மாடிப்படி. மேலே வட்ட வட்டமான பர்மா எழுத்தில் ஒரு பலகை, பக்கத்தில் ஹலால் என்று ஒரு தாள்.

உள்ளே ஒரு மேசை தவிர எல்லாம் நிறைந்திருந்தது. பதினோரு பேர். சத்தமே இல்லை.

குகன் நுழைந்ததும் பதினோரு தலைகளும் அவன் பக்கம் திரும்பின. கடைக்கார அம்மா கேட்காமலேயே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மீன் குழம்பில் மிதக்கும் மெல்லிய நூடல்ஸ். அவன் முதல் வாய் எடுத்தான். அதே நொடியில் பதினோரு கரண்டிகளும் மேலே எழுந்தன.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அவர்களும் வைத்தார்கள்.

"செடாப்?" என்று, ருசியாக இருக்கிறதா என மலாயில் கேட்டாள் கடைக்கார அம்மா.

"செடாப்" என்றான் குகன். ருசி பொய்யில்லை. அப்படி ஒரு சாப்பாட்டை அவன் பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை. அவன் சொன்னதும் பதினோரு பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள்.

தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். ஜன்னல் முழுக்க முகங்கள்.

மறுநாள் மதியம் மனைவி மாதவியைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் கண்ணுக்கும் அவர்கள் தெரிகிறார்களா என்று பார்க்கத்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

அதே பதினோரு பேர், அதே இடங்களில். பச்சைச் சட்டைத் தாடிக்காரர், மஞ்சள் முக்காடு போட்ட பெண், ஒரே ஜாடையில் இரண்டு சகோதரர்கள். உடைகூட மாறவில்லை.

"மாது, எத்தனை பேரு இருக்காங்க?"

"ஏன், எண்ணத் தெரியாதா? பதினொண்ணு." மாதவி சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏங்க... அவங்க கிண்ணத்தைப் பாருங்க."

எல்லாக் கிண்ணங்களும் காலி. காய்ந்து பளபளவென்று இருந்தன. கரண்டி இறங்கியது, ஒன்றுமில்லாமல் ஏறியது, வாய்க்குள் போனது. பதினோரு வாய்களும் நிதானமாக மென்றன. மஞ்சள் முக்காட்டுப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு குகனைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

மாதவி கைப்பையோடு நாற்காலியையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு ஓடினாள். அன்று சாயங்காலமே அம்மன் கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்று குகனின் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை குகன் மேடத்திடம் போனான். "மேடம், அந்தக் கடை வேணாமே. கூட்டம் ஜாஸ்தி."

"கூட்டம் ஜாஸ்தின்னா நல்ல கடைதானே! அவங்களுக்கு ஈமெயில் போட்டுட்டேன். இடம் புக் பண்ணிடு."

கடையே முடியாது என்று சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்து, பலகையில் பார்த்த எண்ணுக்குக் கூப்பிட்டான். "வியாழக்கிழமை நாலு பேருக்கு இடம் இருக்காதுதானே?" என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டான். கடைக்கார அம்மா, "வியாழக்கிழமை! நாலு பேர்!" என்று கத்தினாள். பின்னால் பல குரல்கள் ஒன்றாக எதையோ ஓதின.

குகன் ஃபோனைத் தூர வைத்தான்.

வியாழக்கிழமை படியேறும்போதே மாடிக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் பேசவில்லை. இவர்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். உள்ளே முப்பது பேராவது இருப்பார்கள். நடுவில் வெள்ளைத் துணி விரித்த ஒரே ஒரு மேசை காத்திருந்தது.

ஜெர்மானியர்கள் இருவருக்கும் ஏக சந்தோஷம். இப்படிக் கூட்டம் அலைமோதும் கடையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டு, குகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சாப்பாடு வந்தது. அவர்கள் முதல் வாய் எடுத்தார்கள்.

முப்பது கரண்டிகளும் எழுந்தன.

மும்தாஜ் மேடம் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தார். "குகன்," என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார், "அவங்க கிண்ணத்துல ஒண்ணும் இல்ல."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சேவா கூட்டிட்டு வந்த?"

"நீங்கதான மேடம் ஈமெயில் போட்டீங்க!"

ஜெர்மானியர்களில் மூத்தவர் இன்னொரு கிண்ணம் கேட்டார். கடைக்கார அம்மாவின் கண்களில் பொலபொலவென்று நீர் வழிந்தது. அறை முழுக்க மெல்லிய விசும்பல் பரவியது. மேடம் குகனின் கையை நகம் பதியப் பற்றிக்கொண்டார்.

இதற்கு மேல் தாங்காது என்று ஆகிவிட்டது. சட்டைப் பைக்குள் எலுமிச்சம்பழத்தை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்த குகன், அடுத்த மேசைக்குப் போனான். பச்சைச் சட்டைத் தாடிக்காரர் வெறும் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"நீங்கல்லாம் யாரு?" பயத்தில் மலாய் மறந்து தமிழ்தான் வந்தது.

தாடிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தாமலேயே, ரங்கூன் தமிழில் காதோடு காதாகச் சொன்னார்:

"சத்தம் போடாதீங்க தம்பி, நாங்க எல்லாம் அந்தம்மாவோட சொந்தக்காரங்க, கடை காலியா கெடந்தா யாரும் ஏறி வரமாட்டாங்கன்னு சாப்பிடற மாதிரி உக்கார வெச்சிருக்காங்க, தொறந்த நாளா தானா ஏறி வந்து சாப்பிட்ட ஒரே ஆளு நீங்கதான்."