எட்டக் கோட்டை, கிட்ட மழை

அன்பு மைத்துனருக்கு,

அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் சுகமா என்பதை உங்கள் அக்காதான் சொல்ல வேண்டும். அவள் என்னோடு பேசி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

மாப்பிள்ளை, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் ஜன்னலே இல்லாத ஆவணக் கிடங்கில் குனிந்தே வேலை பார்த்தவனுக்கு, ஓய்வு பெற்ற மறுநாள்தான் தலைக்கு மேலே வானம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. நூலகத்திலிருந்து மேகங்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். படித்தது பாதி, பேசியது இரண்டு மடங்கு. மிக உயரத்தில், பஞ்சைப் பிய்த்து இழுத்த மாதிரி இருப்பது கீற்று மேகம், அது வெறும் பனித்துகள், அதிலிருந்து தரைக்கு ஒரு சொட்டு வராது என்று பால்காரர், தபால்காரர் ஒருவர் விடாமல் நிறுத்தி வைத்துச் சொன்னேன். தெருவில் எனக்கு 'வானிலை' என்றே பேர் விழுந்துவிட்டது. அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரமாக நான் நோட்டில் குறித்துவைத்த கீற்று மேகம், என் மூக்குக்கண்ணாடியில் விழுந்த கீறல் என்று கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன அன்றாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

போன வியாழக்கிழமை, நாடக அரங்கிலிருந்து வந்த பன்னிரண்டு பழைய திரைச்சீலைகளுக்கு உங்கள் அக்கா கிழிசல் தைத்து, சிவப்புச் சாயம் ஏற்றி முடித்திருந்தாள். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். "மாடியில காயப் போடலாமா? ரேடியோல ஓரிரு இடங்கள்ல மழைன்னு சொல்றாங்களே" என்று என்னைக் கேட்டாள். என்னைக் கேட்டாள், மாப்பிள்ளை! எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். வானம் முழுக்கப் பாலாடை மாதிரி மெல்லிய மேகம், சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம். அந்த வட்டத்தைத்தான் நம் பெரியவர்கள் கோட்டை என்றார்கள், அதற்கொரு பழமொழியும் உண்டு. நான் அதைச் சொன்னேன்: "எட்டக் கோட்டை கட்டினா எட்ட மழை. கோட்டை எவ்வளவு தள்ளி இருக்கு பாரு, தைரியமா போடு." போட்டாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பழமொழி 'எட்டக் கோட்டை, கிட்ட மழை' என்பது முதல் இடி இடித்தபோது ஞாபகம் வந்தது. வானொலி சொன்ன அந்த ஓரிரு இடங்கள் எங்கள் மொட்டை மாடிதான். அவள் ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு திரைகளையும் இழுத்துக்கொண்டு நனைய, நான் குடையை மேகப் புத்தகத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூலகப் புத்தகமாயிற்றே! சாயம் கரைந்து மழைநீர்க் குழாய் வழியாகக் கீழ்வீட்டுப் பல் மருத்துவர் வாசலில் கொட்டியது. அவர் மூச்சு வாங்க மேலே ஓடி வந்தார். "சார், வாசல்ல ரத்தமா ஊத்துது! பல்லுப் பிடுங்க வந்தவர் வாயைத் திறந்தபடியே ஓடிட்டார்!" திரைகளின் சாயத்தோடு என் சாயமும் வெளுத்தது. இரண்டு நாள் கழித்துத்தான் புத்தகத்தின் மறுபாதியைப் பார்த்தேன். நான் பார்த்தது கீற்றுப்படை மேகமாம், வட்டம் கட்டினால் ஒரு நாளைக்குள் மழை வரலாமாம்.

மழை பெய்த அன்றிலிருந்து உங்கள் அக்கா வாய் திறக்கவில்லை. மறுபடி சாயம் ஏற்றினாள், திரைகளைக் கொடுத்தனுப்பினாள், எல்லாம் மௌனமாக. "கோபமா?" என்று கேட்டால் கழுத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். நான் கழுத்தை அறுக்கிறேனாம். மணிக்கொரு தரம் வெந்நீரை மடமடவென்று குடிக்கிறாள், கோபத்தை விழுங்குகிறாள் என்று புரிகிறது. நேற்று ஒரு சீட்டில் ஏதோ எழுதி நீட்டினாள். படிக்கத் தைரியம் இல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீடு ரொம்ப அமைதியா இருக்கு மாப்பிள்ளை, தாங்கல. திட்டினால் போதும், தினமும் திட்டினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து இரண்டு வார்த்தை பேசி வையுங்கள். இனி நான் வானத்தை நிமிர்ந்து பார்த்தால் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். அத்தான் இதை ஒட்டாம வச்சிட்டுத் தபால்தலை வாங்கப் போயிருக்கார். எனக்குக் கோபம் எல்லாம் இல்லடா. மழையில நனைஞ்சதுல தொண்டை கட்டிக்கிச்சு, அஞ்சு நாளா சத்தமே வரல. அந்தச் சீட்டிலயும் அதைத்தான் எழுதினேன். இந்த அஞ்சு நாள்ல அவரே சமைக்கிறார், பாத்திரம் கழுவுறார். நேத்து சாயங்காலம் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "தப்பு என்னோடதுதான்"னு சொன்னார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல. இன்னிக்குக் காலையிலயே குரல் வந்துருச்சு, அவர்கிட்ட இன்னும் சொல்லல. இன்னொரு தடவை அதைக் கேட்டுட்டுப் பேசிக்கிறேன். நீ ஞாயித்துக்கிழமை வந்து காரியத்தைக் கெடுத்துடாதே.