பதினேழு கிலோ பெருமை

"அண்ணாச்சி, பைய மூச்ச உள்ள இழுங்க" என்றார் டெய்லர் ஜாஸ்பர்.

ஞானசிகாமணி இழுத்தார். மூச்சு உள்ளே போனது. வயிறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இழுத்தாச்சா?"

"இழுத்துட்டுதாம்வே நிக்கேன்."

ஜாஸ்பர் டேப்பைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், எழுதியதை நம்பாமல் மறுபடியும் அளந்தார். பிறகு கடையில் காத்திருந்த மூன்று பேருக்கும் கேட்கும்படி, "இடுப்பு நாப்பத்தெட்டு" என்றார்.

மேலக்கொன்றையூர் கிளை நூலகத்தின் நூலகரான ஞானசிகாமணிக்கு முப்பத்துநான்கு வருடப் பணியில் இப்படியொரு அவமானம் நேர்ந்ததில்லை. ஜூலை மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. ஊர் சேர்ந்து விழா எடுக்கிறது. இன்னும் இருபத்துநாலு நாள்தான். மேடையில் உட்கார்ந்தால் முதலில் வயிறு தெரியும், அப்புறம்தான் ஆள் தெரியும் என்று அவருக்கே பட்டுவிட்டது.

மனிதர் பெருமைக்காரர். அதற்கு நியாயமும் உண்டு. ஒருநாள்கூட நூலகத்தைத் தாமதமாகத் திறந்ததில்லை. இரவல் போன புத்தகம் எதுவும் திரும்பாமல் இருந்ததில்லை. தராதவர் வீட்டுக் கல்யாணத்துக்கே போய், பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரே ஒரு குறை. ஆறு அலமாரியில் இரண்டு காலி. பத்து வால்யூம் கலைக்களஞ்சியம் ஒன்று வேண்டும் என்று பதினோரு வருடமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. "எழுதிக் கேப்பேன். எவன் வாசல்லயும் போய்க் கையேந்த மாட்டேன்" என்பது அவர் கொள்கை. ஊர்க்காரர்கள் வாங்கித் தரட்டுமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

டெய்லர் கடையிலிருந்து நேராகத் தேவதாசனின் கருப்பட்டி மண்டிக்குப் போனார். உடன்குடியிலிருந்து வரும் மூட்டைகளை நிறுக்கிற மின் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

"தொண்ணூத்தெட்டு" என்ற தேவதாசனின் முகம் மலர்ந்தது. "அருமையான எடை அண்ணாச்சி. மாசக் கடைசி வரைக்கும் இப்படியே காப்பாத்துங்க. முடிஞ்சா இன்னும் ரெண்டு கூட்டிக்கிடுங்க."

ஞானசிகாமணி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். கேலி செய்கிறவனிடம் என்ன பேச்சு?

அவர் வருத்தத்தைப் புரிந்துகொண்டது ஒரே ஒரு ஆள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கீழக்கொன்றையூர் நூலகத்தின் நூலகர் மகேஸ்வரன். உடம்பு முருங்கைக்காய் மாதிரி இருக்கும். எந்த நூலகத்தில் உறுப்பினர் அதிகம், எதில் புத்தகம் அதிகம் என்று இருபது வருடமாக இருவருக்கும் ஒரு பனிப்போர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் விழாக் குழுவில் பெயர் கொடுத்து ஓடியாடி வேலை பார்ப்பவர் அவர்தான்.

"நம்ம கணேஷ்ராம் வண்ணார்பேட்டையில எடை கொறைக்க ஒரு சென்டர் வச்சிருக்கான் அண்ணாச்சி. இருவத்தோரு நாள்ல பதினஞ்சு கிலோ. நானே பைக்குல கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டும் போனார்.

கணேஷ்ராம் டாக்டர் இல்லை. வெள்ளைக் கோட்டு மட்டும் போட்டிருந்தான். ஒரு டப்பா மாவை எடுத்து வைத்தான்.

"காலையில ஒரு கிளாஸ், மத்தியானம் ஒரு கிளாஸ், ராத்திரி வெந்நீர்."

"சோறு?"

"அந்த வார்த்தையையே மறந்துருங்க சார்."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடட்டா?"

"கேட்டா அவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் எச்சரிக்க முடியாது. ஞானசிகாமணி டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள் தேவதாசன் தராசு தொண்ணூற்றிரண்டு காட்டியது. ஞானசிகாமணி நெஞ்சை நிமிர்த்தினார். தேவதாசனோ துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். ஞானசிகாமணி தெருமுனை திரும்புவதற்குள் தேவதாசன் போனை எடுத்து யாரிடமோ, "ஆறு போயிருச்சு. ஏதாவது செய்யுங்க" என்றார்.

அன்று மத்தியானமே வீட்டில் சொதி. மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதி, தேங்காய்ப்பால் மிதக்க மிதக்க, இஞ்சிப் பச்சடியோடு.

"சாதாரணச் செவ்வாக்கெழமையில எந்த மாப்பிள்ளைக்கு மறுவீடு?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குத்தான். உக்காருங்க" என்றாள் மனைவி பிரம்மநாயகி.

"எனக்கு வேண்டாம்."

"ஒங்க ஒடம்பு ஒங்களுக்கு மட்டுமா சொந்தம்?"

இது என்ன புதுத் தத்துவம் என்று அவர் மாவைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் விழாக் குழுத் தலைவர் தாஜ் முகம்மது நூலகத்துக்கே வந்துவிட்டார். மரக்கடை முதலாளி. கையில் ஆறு அடுக்குத் தூக்கு.

"நெய்ச்சோறு அண்ணாச்சி. சுத்த சைவம். எங்க வீட்டுக்காரி ஒங்களுக்குன்னே புதுச் சட்டி வாங்கி வச்சிருக்கா. வேண்டாம்னு சொன்னா அவ மனசு நொந்துபோகும்."

"ஒங்க வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும். தூக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போம்."

அடுத்த நாள் ஜாஸ்பரின் மனைவி ஜெபகனி ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் தேவதாசன் கருப்பட்டியில் செய்த எள்ளுருண்டையோடு வாசலில் நின்றார். ஊரில் ஒருவர் பாக்கியில்லை. நூலகத்துக்கு வருகிறவர்கள் புத்தகத்தைத் திருப்பித் தருகிறார்களோ இல்லையோ, மேசையில் ஒரு பலகாரத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞானசிகாமணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பொறாமை.

"எல்லாம் வயித்தெரிச்சல்வே" என்று மகேஸ்வரனிடம் சொன்னார்.

"ஊர்க்கண்ணு பொல்லாதது அண்ணாச்சி. நீங்க அசராதீங்க. இன்னும் நல்லாக் கொறைக்கலாம்" என்றார் மகேஸ்வரன்.

அந்தப் பாராட்டில் உச்சி குளிர்ந்து, கணேஷ்ராமின் விளம்பர நோட்டீஸை நூலக அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டினார். கீழே, 'பயனடைந்தவன்: சு. ஞானசிகாமணி, நூலகர்' என்று பச்சை மையில் கையெழுத்தும் போட்டார்.

எண்பத்தொன்பதில் எடை நின்றுபோனது. நான்கு நாளாக ஓர் இம்மிகூட நகரவில்லை.

"ஒடம்பு அடம் புடிக்குது சார். நாமளும் புடிப்போம்" என்ற கணேஷ்ராம், வயிற்றில் கட்ட ஒரு சூட்டுப் பெல்ட்டும், ஒரு பொட்டலம் மாத்திரையும் கொடுத்தான். மாத்திரை என்ன மாத்திரை என்பது அன்று சாயங்காலமே தெரிந்துபோனது. ஞானசிகாமணி நூலகத்தில் இருந்த நேரத்தைவிடப் பின்பக்கம் போயிருந்த நேரம் அதிகம்.

எடை இறங்கியது. கூடவே மற்றதும் இறங்கியது. சமையல் புத்தகத்தைச் சித்தர் பாடல்களோடு அடுக்கினார். ஒரு வாசகரின் உள்ளங்கையில் தேதி முத்திரை குத்தி, "பதினாலு நாள்ல திருப்பிக் கொண்டாந்துரணும்" என்றார். தலை சீவினால் சீப்போடு முடி வந்தது. "தலை சுத்துது" என்று போன் செய்தால், "கெட்டது வெளிய போகுது சார்" என்றான் கணேஷ்ராம்.

இருபதாம் நாள், காலி அலமாரியைத் துடைக்கக் கையை உயர்த்தியவர் அப்படியே சரிந்தார்.

கண் விழித்தபோது டாக்டர் விஜயஸ்ரீயின் ஆஸ்பத்திரியில் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"பதினாலு கிலோ கொறைஞ்சது கொழுப்பு மட்டும்னு நெனைக்கீங்களா சார்? தசையும் தண்ணியும் சேர்ந்துதான் போயிருக்கு" என்றார் டாக்டர். "இந்த வேகத்துல எளைச்சா பித்தப்பையில கல்லு வரும். பேதி மாத்திரையை முழுங்கி முழுங்கி ஒடம்புல உப்புச் சத்து கொறைஞ்சா இதயம் நின்னாலும் நிக்கும். மாசம் ரெண்டு மூணு கிலோ, சாப்பிட்டு, நடந்து கொறைங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

ஞானசிகாமணி தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில் இன்னொரு கட்டில். அதிலும் ஒரு டிரிப். படுத்திருந்தது சித்ரலேகா. தினமும் நூலகத்துக்கு வருகிற கல்லூரிப் பெண். ஏற்கெனவே காற்றடித்தால் பறக்கிற உடம்பு.

"ஒனக்கு என்னம்மா?"

"அதே மாவுதான் சார்" என்றாள் அவள், உலர்ந்த உதட்டோடு. "நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்கல்லா. நீங்க தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு..."

முப்பத்துநான்கு வருடத்தில் அவர் பேச்சை நம்பி எத்தனையோ பேர் எத்தனையோ புத்தகம் எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. ஞானசிகாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டிரிப் முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போய் நோட்டீஸைக் கிழித்தார். பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்குப் போய் மிச்ச மாவைக் கணேஷ்ராமின் மேசையில் கொட்டினார். "இன்னொரு புள்ளைக்கு இதைக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, போலீசுக்குத்தான் போவேன்" என்றார். சித்ரலேகா வீட்டுக்கும் போய், அவள் நான்கு இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய அம்மா அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவர் தொடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். விழாவுக்கு இன்னும் நாலு நாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா என்று பெருமை குறுக்கே விழுந்தது.

"என்ன இது, இன்னிக்கும் சாப்பிடல?" என்று வீட்டில் கேட்டாள் பிரம்மநாயகி.

"கந்த சஷ்டி விரதம்."

"சஷ்டிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு."

"முன்கூட்டியே இருக்கேன்."

பிரம்மநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

விழா நாள் காலையில் தேவதாசன் தராசு எண்பத்தொன்று காட்டியது. பதினேழு கிலோ. முந்தின நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல், நகம் வெட்டி, முடி வெட்டிச் சேர்த்த வெற்றி.

ஜாஸ்பர் சட்டையைப் பழைய அளவிலேயே தைத்திருந்தார். "பிடிச்சுத் தைக்க மனசு வரல அண்ணாச்சி" என்றார். அதற்குள் இன்னொரு நூலகரும் தாராளமாக உட்காரலாம் போலிருந்தது. ஆனாலும் ஞானசிகாமணி நிமிர்ந்து நடந்தார். மேடையேறும்போது கால் கொஞ்சம் தள்ளாடியது. தாஜ் முகம்மது பிடித்துக்கொண்டார்.

மேடை நடுவில், மண்டியின் பழைய பெரிய தட்டுத் தராசு சங்கிலியில் தொங்கியது. ஒரு தட்டில் மஞ்சள் துணி சுற்றிய பொதிகள் குவிந்திருந்தன. பார்த்ததும் ஞானசிகாமணிக்குப் புரிந்துவிட்டது. துலாபாரம். திருச்செந்தூர் முருகனுக்கு அவர் எடைக்குக் கருப்பட்டி. தேவதாசன் வேண்டியிருப்பான். பாவம், என்னால் அவனுக்குப் பதினேழு கிலோ மிச்சம் என்று நினைத்தபோது அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"ஏறி உக்காருங்க அண்ணாச்சி" என்றார் தாஜ் முகம்மது.

ஞானசிகாமணி கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கழுத்து மாலையில் கை வைத்தபோது முதல் வரிசையிலிருந்து பிரம்மநாயகி எழுந்தே விட்டாள்.

"அந்த மாலையாவது கெடக்கட்டும்ங்க."

"நமக்கு எதுலயும் நேர்மை வேணும்" என்று மாலையையும் கழற்றினார்.

"செருப்பையாவது போட்டுக்கிட்டு ஏறுங்க அண்ணாச்சி" என்றார் தாஜ் முகம்மது.

"முருகனுக்கு உள்ளதுல செருப்புக் காலா? என்ன பேச்சுவே இது?"

வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். தட்டு அசையக்கூட இல்லை. அவர் அந்தரத்தில் தொங்கினார். எதிர்த் தட்டிலிருந்து ஒரு பொதியை இறக்கினார்கள். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு பொதி இறங்கும்போதும் அவர் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்தார். பத்துப் பொதி இறங்கியபின்தான் தராசு சமனாகியது. யாரும் கைதட்டவில்லை. பந்தல் ஓரத்தில் ஒரு லோடு ஆட்டோவின் பக்கத்தில் நின்ற மகேஸ்வரன் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

இறக்கிய பொதிகள் ஒவ்வொன்றாக அந்த ஆட்டோவுக்குப் போவதை ஞானசிகாமணி கவனித்தார்.

"ஏம்வே தேவதாசா, முருகனுக்குள்ள கருப்பட்டியை எதுக்கு மகேஸ்வரன் வண்டியில ஏத்துதாங்க?"

தேவதாசன் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கருப்பட்டியில்ல அண்ணாச்சி, புஸ்தகம். நன்கொடையா மொத்தம் நூறு கிலோ வந்துச்சு, ஒங்க எடைக்கு எடை நம்ம நூலகத்துக்கு, மிச்சம் இருந்தா அக்கரைக்குன்னு மகேஸ்வரன் சார்தான் பேசி முடிச்சாரு. அந்தா வண்டியில ஏறுது பாருங்க, நீங்க பதினோரு வருஷமா எழுதிக் கேட்ட கலைக்களஞ்சியம், பத்து வால்யூமும்."